செவிவழி ஆங்கிலம்

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு கவலை பரவலாகக் காணப்படுகிறது. குழந்தைக்கு ஆங்கிலம் நன்கு வரவேண்டும் என்பதே அக்கவலை. அதன் பொருட்டுப் பெற்றோர் சிலர் வீட்டில் தமிழ் பேசுவதையே கைவிட்டு, தமக்கே முழுமையாகக் கைவராத ஆங்கிலத்தில் குழந்தையோடு உரையாடுகின்றனர். இதனால் நல்ல ஆங்கிலமும் கிட்டுவதில்லை. நல்ல தமிழும் நிலைப்பதில்லை. இதற்கு வேறு வழி உண்டா என்பதை ஐதராபாத் நகரை முன்வைத்துச் சிறிது ஆராய்வோம்.

செகந்திராபாத்தில் படை முகாமையும் இரயில்வேயையும் சார்ந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பத்துச் சிறுவன் அண்டை வீட்டில் தெலுங்கு பேசுகிறான். கடைவீதியில் தக்கணி உருது பேசுகிறான். ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘ஹௌ’ என்றால் ஆம் என்று அவனுக்கு எந்த இலக்கண நூலும் கற்பிக்கவில்லை. கேட்டான்; இடமறிந்து பொருள் உணர்ந்தான்; திருப்பிச் சொன்னான்; பிறர் நகைத்தபோது திருத்திக்கொண்டான். அதே சிறுவன் பத்தாண்டு ஆங்கிலம் பயின்றும் நேர்முகத் தேர்வில் நாவெழாமல் நிற்பானாயின், குறை அவன் அறிவில் இல்லை. ஆங்கிலம் அவனுக்குக் கண்வழியே வந்தது, செவிவழியே வரவில்லை.

இந்தக் குறையை ஆராய்வதற்குரிய இடமும் ஐதராபாத்திலேயே உள்ளது. ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென 1958 ஆம் ஆண்டில் மத்திய ஆங்கில நிறுவனம் இங்கே தோன்றியது. கன்னடக் கவிஞர் வி. கே. கோகாக் அதன் இயக்குநராக விளங்கியவர். 1972 இல் பிற அயல்நாட்டு மொழிகளும் அதன் பெயரில் இடம்பெற்றன. 2007 இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

இந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு விளங்குகிறது என்று ஆராய்ந்தார். அவர் நூல் 1969 இல் வெளிவந்தது. சொல்லில் அழுத்தம் விழும் இடம் மாறிப்போவது, கேட்பவருக்கு விளங்காமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பது அவர் கண்ட முடிவு. ‘ஃபோட்டோகிராஃப்’ என்னும் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. படம் எடுப்பவரைக் குறிக்கும்போது அது இரண்டாம் அசைக்குத் தாவி, முதல் அசை மெலிந்து, ‘ஃபடாக்ரஃபர்’ என்பது போல ஒலிக்கிறது. தமிழில் இவ்வாறு அழுத்தம் தாவுவதில்லை. ஆதலால் நம் செவி அதனை எதிர்பார்ப்பதும் இல்லை. இதனை அச்சிட்ட எழுத்து காட்டாது. உயிருள்ள குரலே காட்டும்.

அக்குரல் இன்று நம் கைப்பேசியில் இருக்கிறது. பாடத்திற்கென மெதுவாகப் பேசிப் பதிவு செய்தவை மட்டுமன்றி, ஆங்கிலம் பேசுவோர் தமக்காகவே ஆக்கிய செய்தி, கிரிக்கெட் வருணனை, சமையல் விளக்கம், வனவிலங்குப் படம், பாடல் யாவும் கிடைக்கின்றன. இவற்றில் சொல்லோடு முகக்குறிப்பும் சூழலும் சேர்ந்து வருகின்றன. இச்சேர்க்கை மிக முக்கியம். நாம் விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்கிறோம். அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் கேட்பவர் திகைப்பார். அவ்வாறே, ஆங்கிலேயர் முதன்முறை சந்திக்கும்போது கூறும் ‘ஹௌ டூ யூ டூ’ என்பது நலம் விசாரிக்கும் வினா அன்று; அது முகமன். பண்பாட்டை அறியாமல் இவை விளங்கா.

பாடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். பாடல் ஒலியின் ஓட்டத்தைக் கற்பிக்கும். சொற்கள் ஒன்றோடொன்று இழைவதைக் காட்டும். ஆனால் மெட்டுக்காக அழுத்தத்தை மாற்றும்; இலக்கணத்தையும் நெகிழ்க்கும். ஆகவே பாடல் சுவைக்கு. உரையாடல் பழக்கத்திற்கு என்று கொள்வது நலம்.

வெறுமே பார்த்துக்கொண்டிருப்பதும் கல்வி ஆகாது. இரண்டு அல்லது மூன்று நிமிடப் பகுதி ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். முதன்முறை எழுத்தின்றிக் கேட்கவேண்டும். இரண்டாம் முறை, பேசும் சொற்களே திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் ஓடுமாறு அமைத்துக் கேட்கலாம். மூன்றாம் முறை, வாக்கியந்தோறும் நிறுத்தி, உரக்கத் திருப்பிச் சொல்லவேண்டும். பாடும் மொழியிலேயே எழுத்தும் ஓடினால் வாசிப்பு வளரும் என்னும் கருத்தை, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் எடுத்துரைத்து, தொலைக்காட்சித் திரைப்பாடல்களில் அதனைச் செயற்படுத்தினார். எழுதப் படிக்கத் தடுமாறுவோரை மனத்திற்கொண்டு தோன்றிய அம்முறை நமக்கும் உதவும்.

இனி, நான்காவதாக ஒரு படி உண்டு. கண்டதைக் குழந்தை தன் பெற்றோரிடம் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பொருள் உள்ளத்தில் தெளிந்தபின் ஆங்கிலத்தில் சொல்லட்டும். தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ஆங்கிலத்தில் வேண்டுவன சொற்களும் பழக்கமுமே. எந்த மொழியிலும் கோவையாகச் சொல்லப் பழகாத குழந்தைக்கோ இரண்டுமே சுமை.

1918 இல் நிறுவப்பெற்ற உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்று மொழியாகக் கொண்டபோது, ஆங்கிலத்தையும் கட்டாயப் பாடமாக வைத்தது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைத் துறக்கவேண்டியதில்லை என்பதை இந்நகரம் அன்றே கண்டது. வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ?

ஆகவே, நேயர்களே, ஆங்கிலத்தை நன்கு பேசுவோரிடமிருந்து குழந்தை கேட்கட்டும். தமிழை உங்களிடமிருந்து கேட்கட்டும். வெளி மாநிலத்தில் வளரும் குழந்தைக்கு ஆங்கிலம் தர ஆயிரம் குரல்கள் உள்ளன. தமிழ் தரப் பெரும்பாலும் உங்கள் குரல் ஒன்றே உள்ளது.