இலை மஞ்சளானால் வேரைப் பார்!

(வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்காகத் தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



இன்று ஆர்க்கிட் செடியைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் நாட்டுக் காடுகளில் 1,200-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் உள்ளன. வீட்டிலும் பலர் வளர்க்கிறார்கள். கேரளத்தில் பல வீடுகளின் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் ஆர்க்கிட் தொட்டிகளைப் பார்க்கலாம். அழகுக்காக வளர்ப்பவர்கள் உண்டு. பூவை வெட்டி விற்பவர்களும் உண்டு. டென்ட்ரோபியம் என்ற வகைதான் அங்கே அதிகம். கரும்பு போலக் கணுக் கணுவாகத் தண்டு இருக்கும். நுனியில் கொத்தாகப் பூக்கும்.

சின்னக் கன்றை வாங்கிப் பூப் பார்க்க ஆண்டுக் கணக்காகும். அப்படி வளர்த்த செடி செத்தால், போட்ட பணம் போகிறது. பட்ட பாடும் போகிறது.

இலை மஞ்சளாகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் ஊற்றுகிறோம். மறுநாளும் ஊற்றுகிறோம். அப்புறம் உரம் வைக்கிறோம். கடைக்குப் போய் மருந்து வாங்கி வருகிறோம். பத்து நாளில் செடி சாய்கிறது. ஏன்?

காட்டில் இந்தச் செடி எங்கே வளர்கிறது? மண்ணில் அல்ல. மரக்கிளையில் வளர்கிறது. அசாமில் பிகு திருநாளில் பெண்கள் கொண்டையில் ஒரு பூவைச் சூடுகிறார்கள். அதன் பெயர் கோபௌ. அதுவும் ஆர்க்கிட்தான். மரத்தில்தான் வளர்கிறது. ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான்.

மழை பெய்தால் வேர் நனையும். காற்று அடித்தால் காயும். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. அது தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகு வேருக்குக் காற்று வேண்டும்.

நாம் அதைத் தொட்டியில் அடைத்து எப்போதும் ஈரமாக வைத்தால் என்ன ஆகும்? வேர் மூச்சுத் திணறும். பிறகு அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் குடிக்க முடியாது. தொண்டை அடைத்தவர் முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் வைத்தது போல் ஆகிவிடும். தொட்டியில் ஈரம் இருக்கும். செடிக்கோ தாகம். இலை சுருங்கும். மஞ்சளாகும். நாம் மேலும் தண்ணீர் ஊற்றுவோம். மிச்ச வேரும் அழுகும். இதுதான் நடப்பது.

எல்லா மஞ்சளும் நோய் அல்ல. எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள்.

பழைய தண்டில் ஒன்றிரண்டு இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறதா? அது வயது. பயம் வேண்டாம். இலை போனாலும் அந்தத் தண்டை வெட்டாதீர்கள். அது செடியின் களஞ்சியம். தண்ணீரும் உணவும் அதில் இருக்கின்றன.

வெயில் படும் பக்கத்து இலைகள் மட்டும் வெளிறி மஞ்சளாகின்றனவா? அது வெயிலின் வேலை. நிழல்வலையின் கீழ் வையுங்கள்.

இலையில் நீர் கோத்தது போல் புள்ளி வருகிறதா? அது பழுப்பாகிப் பரவுகிறதா? அது தொற்று நோய். அந்த இலையை வெட்டி எரியுங்கள். தொட்டியைத் தனியாக வையுங்கள்.

பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகிச் சுருங்குகின்றனவா? தண்டும் வற்றுகிறதா? அப்போது வேரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தொட்டியைச் சாய்த்துச் செடியை மெதுவாக வெளியே எடுங்கள். வேரை விரலால் அழுத்துங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். காய்ந்தால் வெள்ளையாகவும் நனைந்தால் பச்சையாகவும் தெரியும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். அழுத்தினால் நசுங்கும். இழுத்தால் மேல் உறை கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். தண்ணீர் போதாத வேரோ சுருங்கிக் காய்ந்து கிடக்கும். அழுகல் இருக்காது. அதற்குத்தான் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

வேர் நுனி கருகியிருக்கிறதா? தொட்டியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? உரம் மிகுந்துவிட்டது. அல்லது தண்ணீரில் உப்பு அதிகம். மழைநீரையோ நல்ல தண்ணீரையோ நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

அழுகல் என்றால் என்ன செய்வது? கத்தியைத் தீயில் காட்டி ஆற விடுங்கள். அழுகிய வேரை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் கொஞ்சம் இலவங்கப்பட்டைப் பொடி தடவலாம். ஒரு நாள் நிழலில் காய விடுங்கள். பிறகு அடியிலும் பக்கத்திலும் ஓட்டை உள்ள தொட்டியில் வையுங்கள். மண் வேண்டாம். மரக்கரி, ஓட்டுத் துண்டு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு போதும். மட்டையை முதலில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். செடி ஆடாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள். புது வேர் வரும் வரை உரம் வேண்டாம்.

வேர் முழுவதும் போய்விட்டதா? தண்டு பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. சில நேரம் கணுவில் குட்டிச் செடி முளைக்கும். அது தானே வேர் விட்டதும் பிரித்து நடலாம்.

ஒரு செடியை வெட்டிய கத்தியால் அப்படியே அடுத்ததை வெட்டாதீர்கள். செடிக்குச் செடி நச்சுயிரி நோய் பரவும். அந்த நோய்க்கு மருந்து இல்லை.

வராமல் தடுப்பது எப்படி? காலையில் தண்ணீர் விடுங்கள். அதற்கு முன் தொட்டிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். கேரளத்தில் ஜூன் மாதம் பெருமழை தொடங்குகிறது. இடவப்பாதி என்பார்கள். அந்த நாட்களில்தான் வேர் அழுகல் அதிகம். மழை நேரே விழாமல் மேலே கூரை போடுங்கள். நான்கு பக்கமும் காற்று வரட்டும்.

தேங்காய் மட்டை இரண்டு ஆண்டில் மட்கிவிடும். சேறு போல ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் மாற்ற வேண்டும். என்றைக்கு மாற்றினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? ஒரு அட்டையில் தேதியை எழுதித் தொட்டியில் கட்டுங்கள். உரப் பொட்டலத்தின் மேல் அளவு அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர் வாய்ச்சொல்லோடு விடாமல் அதையும் படியுங்கள். இப்போது நமக்கு எழுதவும் தெரியும். படிக்கவும் தெரியும். அந்த அறிவு செடியையும் காக்கும். கைக்காசையும் காக்கும்.

இலை சொல்வது பாதிச் சேதி. மீதிச் சேதி வேரில் இருக்கிறது. இலை மஞ்சளானால் தண்ணீர்ச் செம்பைக் கீழே வையுங்கள். முதலில் வேரைப் பாருங்கள்.