வீடியோ எல்லோருக்கும் வருகிறது, பக்கத்தில் உட்கார யார் வருகிறார்கள்?

(கோவையில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வு மாணவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். இன்று என் ஆய்வைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இதே அறையில் நம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறோம் அல்லவா, அதில் நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2020 ஊரடங்கில் சதுரங்கம் திடீரென்று எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. சமய் ரெய்னா போன்ற நகைச்சுவைக் கலைஞர்கள் கிராண்ட் மாஸ்டர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரலையில் ஆடினார்கள். சாகர் ஷாவின் செஸ்பேஸ் இந்தியா நாள் தவறாமல் ஆட்டங்களை அலசியது. லிசெஸ் தளத்தில் பைசா செலவில்லாமல் யாரும் யாரோடும் ஆடலாம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. கட்டை விரலைக் கேட்காத துரோணர் கிடைத்துவிட்டார் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தப் படிப்பகத்தில் வகுப்பு தொடங்கியபோதும் அதே நினைப்புதான். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு வீடியோ சுட்டியைப் போட்டேன். என் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதிரைப் பலகையில் வைத்துக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனப்பா பார்க்கவில்லை என்றால், "போனு அம்மாகிட்ட இருக்குதுங்கண்ணா" என்றான் ஒரு பையன். அம்மா நூற்பாலையில் ஷிப்ட். போன் வீட்டுக்கு வர இரவு எட்டு மணி. அதற்குள் அன்றைய ஒன்றரை ஜிபியில் பாதி தீர்ந்திருக்கும், மீதியை அண்ணன் எடுத்துக்கொள்வான். அப்படியே பார்த்தாலும் பேசுபவர் ஆங்கிலத்தில், அதுவும் ரயில் வேகத்தில். இன்னொருவன் எல்லா வீடியோவையும் பார்த்திருந்தான், பாவம். சிசிலியன், கிங்ஸ் இண்டியன் என்று எல்லாத் திறப்புகளின் பெயரும் சொல்வான். பலகையில் உட்கார வைத்தால் பன்னிரண்டு நகர்த்தலில் தோற்றுப் போவான்.

அப்போதுதான் ஆனந்த் பேட்டிகளில் சொல்லும் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. விஸ்வநாதன் ஆனந்தின் அப்பா ரயில்வே அதிகாரி. 1970களின் கடைசியில் பணி நிமித்தம் குடும்பத்தோடு பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்தார்கள். அங்கே தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். ஆட்டங்களைக் காட்டுவார்கள், கடைசியில் ஒரு புதிர் கேட்பார்கள். அந்த நேரத்தில் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா நிகழ்ச்சியைப் பார்த்து ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, விடையை அனுப்புவார்கள். பரிசு ஒரு சதுரங்கப் புத்தகம். பையன் அடிக்கடி ஜெயிக்கவே, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்.

இந்தக் கதையைத் திறமைக்குச் சான்றாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனந்தின் திறமையில் எனக்கும் சந்தேகம் இல்லை. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனவர் அவர். நான் பார்ப்பது அந்த நோட்டை. நிகழ்ச்சி மணிலாவில் டிவி இருந்த எல்லா வீட்டுக்கும் ஒன்றாகத்தான் போனது. மதியம் ஒரு மணிக்குக் கையில் பேனாவோடு உட்கார, ஆட்டமும் தெரிந்த ஒரு அம்மா எத்தனை வீட்டில் இருந்திருப்பார்? நம் தெருவில் அந்த நேரத்தில் அம்மா மில்லில் இருக்கிறார், அல்லது மாநகராட்சி வண்டியோடு குப்பை அள்ளிக்கொண்டிருக்கிறார். சதுரங்கம் சிலருக்குப் பிறவியிலேயே வருவது என்று பேசுகிறவர்கள் அந்த நோட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஈரோட்டிலிருந்து இனியன் 2019இல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். கொங்கு மண்ணில் முடியும் என்பது தெரிந்துவிட்டது. எல்லாத் தெருவிலிருந்தும் எப்போது என்பதுதான் நம் கேள்வி.

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி சுவர் இடிந்து விழுந்து 17 பேர் செத்துப் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரிச் சுவரைத் தாண்டி அலைக்கற்றை வரும். அதைப் பார்த்துவிட்டு இணையத்தில் சாதி இல்லை என்று முடிவு கட்டியது என் தவறு.

பிறகு சுட்டி அனுப்புவதை நிறுத்தினேன். என் மடிக்கணினியை இங்கே கொண்டுவந்து, இரவல் புரொஜெக்டரில் சுவரில் போட்டோம். விதி ஒன்றுதான். வீடியோவில் ஆட்டக்காரர் காயைத் தொடும் முன்பே நிறுத்திவிடுவேன். ஒவ்வொருவரும் தன் நகர்த்தலை நோட்டில் எழுத வேண்டும், ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். பிஷப், ரூக் எல்லாம் வேண்டாம், மந்திரி, யானை என்றே எழுதலாம். எழுதிய பிறகு சண்டை. பத்து நிமிட வீடியோ ஒன்றரை மணி நேரம் ஓடும். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குதிரையைப் பலி கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். வீடியோவை ஓடவிட்டேன். ஆட்டக்காரர் வேறு நகர்த்தல் ஆடினார். இன்னும் சிரிப்பு. அரை நிமிடம் கழித்து வர்ணனையாளர், இந்த இடத்தில் குதிரையைக் கொடுத்திருந்தால் இன்னும் வேகமாக வென்றிருக்கலாம் என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

அவளை ஒரு இணையப் போட்டியில் சேர்த்தோம். ஜெயிக்கிற நிலையில் இருந்தபோது கரண்ட் போய், வைஃபையும் போய், நேரம் தீர்ந்து தோற்றாள். நடத்தியவர்களுக்கு எழுதினோம், பதில் வரவில்லை. 2020 ஆகஸ்டில் இணைய ஒலிம்பியாட் இறுதியில் ரஷ்யாவோடு ஆடும்போது நிகல் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. இந்தியா முறையிட்டது, உலகக் கூட்டமைப்பு இரு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தது. நியாயமான முடிவுதான். முறையிட ஒரு நாடு இருந்தது.

அடுத்து நேரடிப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். அரங்கத்துக்கு வெளியே பெற்றோர்கள் பேச்சு, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க, ஊருக்குள்ளீங்களா?" இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே எதிரே உட்கார்ந்த பெண் ஆட்டம் தொடங்கும் முன் கையை நீட்டினாள். நம் பிள்ளை கை கொடுக்காமல் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான ஆட்டங்களைத் திரையில் ஆடியவள், அங்கே கை குலுக்க வேண்டியதில்லை. தொடலாமா என்று கேட்டாள் அவள், வாயைத் திறக்காமல். நான் தலையசைத்தேன். பிறகுதான் கொடுத்தாள்.

அன்று தோற்றாள். திரும்பும் பேருந்தில் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 2008இல் நெதர்லாந்தில் நைஜல் ஷார்ட் நீட்டிய கையைச் செபரினோவ் குலுக்க மறுத்தபோது, நடுவர் அவருக்குத் தோல்வி என்று அறிவித்தார். மேல்முறையீட்டில் மறு ஆட்டம் கிடைத்தது வேறு விஷயம். "அப்ப கை குடுக்கலைன்னா அவங்கதான் தோப்பாங்களாண்ணா?" என்று இரண்டு முறை கேட்டாள். இப்போது இங்கே எந்த ஆட்டமும் கைகுலுக்காமல் தொடங்குவதில்லை, ஆறு வயதுக் குட்டிகள் உட்பட.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தி, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையை மாநிலமெங்கும் நிறுத்தினார்கள். நல்லது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. கேபிளில் வருவதால் டேட்டா தீராது. அதில் அம்மா அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, இரவு எட்டரைக்கு, தமிழில் அரை மணி நேரச் சதுரங்கப் பாடம் போடலாம். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமென்றால், கொரோனா காலத்தில் இல்லம் தேடிக் கல்விக்குத் தெருத் தெருவாகத் தன்னார்வலர்களைத் திரட்டியது அரசுதானே?

அது வரும்வரை நாம்தான். இந்தப் படிப்பகத்துக்கு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் வர நான்கு பேர் தேவை. சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. சரியான இடத்தில் வீடியோவை நிறுத்தி, "ஏன்?" என்று கேட்டால் போதும், மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். வாசலில் மேசைமேல் நோட்டு இருக்கிறது. போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.