தறியின் சொல்லும் திரையில் ஒலிக்கட்டும்

(திருப்புட்குழியில் ஆவணக் குறும்படத் திரையிடலின்போது ஆற்றிய உரை)



புள் புதைந்த குழி, புட்குழி. கழுகரசன் சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் என்பது இவ்வூர்க் கோயில் வழக்கு. அதனை நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. ஊர்ப்பெயர் மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தமிழ். அப்பெயரையே 'திருப்புக்குழி' என்று சிதைத்து வழங்குகின்றோம். ஓர் எழுத்துப் பிழைத்தது. பெயருக்குள் இருந்த பறவை பறந்து போயிற்று! சொல் சிதைந்தால் பொருள் சிதையும். ஆவணப்படங்களைப் பற்றி யான் கூற வந்ததும் இதுவே.

கதைப்படத்தில் நடிகன் நெசவாளியாக நடிக்கிறான். ஆவணப்படத்தில் நெசவாளியே தம் வாயால் பேசுகிறார். அவர் வாய்ச்சொல்லை நீக்கிவிட்டு உருவத்தை மட்டும் காட்டினால் அது பாதி ஆவணமே.

இத்துறையில் தமிழன் பிந்தியவன் அல்லன். கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து, ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தைத் தமிழ் விளக்கவுரையுடன் 1940-இல் வெளியிட்டார். ஆங்கிலேயன் ஆண்ட காலத்தில், தமிழில் பேசிய படம் அது! அந்தத் தமிழ்ப்படம் இன்று எங்கே? பின்னாளில் அமெரிக்காவில் ஆங்கில உரையுடன் சுருக்கி அமைத்த வடிவந்தான் நமக்குக் கிடைத்துள்ளது. படம் எடுக்கத் தெரிந்த இனம் அதனைப் பேணத் தெரியாத இனமாயிற்று. இதனை எண்ணி நாணுதல் வேண்டும்.

எனினும் முயற்சி நின்றுவிடவில்லை. 'மறுபக்கம்' அமைப்பின் வழியாக ஆர். பி. அமுதன் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வந்துள்ளார். பெருமுதலாளியர் திரையரங்கு இடந்தராத படங்களுக்கு அத்தகைய விழாக்களே அரங்கு. அவர் 2003-இல் எடுத்த ஆவணப்படம், மதுரைத் தெருவொன்றில் மாந்தக் கழிவை அள்ளும் பெண் தொழிலாளி ஒருவரின் அன்றாட வேலையைக் காட்டுவது. அதன் பெயர் 'பீ'. முகஞ்சுளிப்பார் உளர். 'மலம்' என்னும் வடசொல்லை இட்டிருந்தால் அவர்கள் அமைதியாக அமர்ந்து பார்த்திருப்பர்! நாற்றத்தை மறைக்க வடசொல். உண்மையை உரைக்கத் தமிழ்ச்சொல். எளிய தமிழுக்கு எத்துணை வலிவு என்பதை அவ்வொற்றை எழுத்து காட்டிற்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பிரியதர்சன் இயக்கி 2008-இல் வெளிவந்த கதைப்படம், மகள் மணத்துக்குப் பட்டுச்சேலை நெய்ய ஏங்கும் நெசவாளியின் துயரைக் கூறிற்று. 2007-ஆம் ஆண்டுக்குரிய சிறந்த படமென நடுவணரசின் விருதும் பெற்றது. கதை நம் நெசவாளியின் கதை. பேசும் மொழி தமிழ். பெயரோ 'காஞ்சிவரம்'! கச்சி என்றும் காஞ்சி என்றும் புலவர் பாடிய ஊருக்கு, வெள்ளைக்காரன் நாத்திரும்பாமல் உளறிய பெயர்தானா கிடைத்தது?

பாவு, ஊடை, தார், விழுது, அச்சு ஆகிய இவையெல்லாம் நெசவாளர் நாவில் வாழும் சொற்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துப் பிணைக்கும் நெசவு, கோர்வை. நெய்பவரோடு துணையாள் ஒருவரும் அமர்ந்து இயற்றும் அருந்தொழில் அது. 'கோத்தல்' என்னும் வினையில் பிறந்த அச்சொல்லிலேயே அத்தொழிலின் நுட்பம் முழுதும் அடங்கியிருக்கிறது. படம் எடுப்பவர் அதனை விடுத்து ஆங்கிலத்தில் விளக்கம் ஓதினால், துணி திரையில் தெரியும், தொழில் தெரியாது. கைத்தறி ஓய்ந்து வரும் இந்நாளில், தறி நின்றால் சொல்லும் நிற்கும். நின்ற சொல்லை எந்த அகரமுதலி உயிர்ப்பிக்கும்?

ஆகவே படமெடுக்கும் இளைஞர்களே, மூன்று வேண்டுகோள். படத்துக்கு நல்ல தமிழ்ப்பெயர் இடுக. தொழில் செய்வாரின் சொல்லை அவர் குரலிலேயே ஒலிக்க விடுக. அயல்நாட்டார்க்கு வேண்டுமாயின் ஆங்கிலம் அடியில் எழுத்தாக ஓடட்டும். எடுத்த படத்தின் படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்துக் காக்க. 1940-இன் இழப்பு மீண்டும் நேரலாகாது.

விழாக்களை நடத்துவோர்க்கும் ஒன்று. பரிசு பெற்ற படம் நகரத்து அரங்கோடு நின்றுவிடலாகாது. எவர் தறியைக் காட்டியதோ அவர் தெருவில் அது முதலில் ஓடுக. தம் கையையும் தம் சொல்லையும் திரையில் கண்ட நெசவாளியே அப்படத்தின் மெய்யான நடுவர்.

காட்சி தமிழர் வாழ்வாகுக! குரல் தமிழாகுக!

வெல்க தமிழ்!