விதைநெல் காக்கும் குதிர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கென்று கூடும் ஓர் அவையில் பல்கலைக்கழக ஆய்வைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கவிஞனுக்கும் ஆய்வாளனுக்கும் இடையே நெடுநாளைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. பூவைப் பிய்த்து இதழ்களை எண்ணுகிறவன் ஆய்வாளன் என்பது கவிஞன் சொல்லும் குறை. எண்ணாமலே பேசுகிறவன் கவிஞன் என்பது ஆய்வாளன் சொல்லும் குறை. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இருவரையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்க முயன்ற ஓரிடத்தைப் பற்றியும், அந்தக் கூரையின் ஒரு தூணைப் பெயர்த்தெடுத்தால் என்ன நேரும் என்பதைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதில் ‘பல் கலை’ நம் காதில் விழுகிறது, ‘கழகம்’ விழுவதில்லை. நூறு துறைகள் ஒரு மதிலுக்குள் இருந்துவிட்டால் அது பரப்பாகிவிடாது. ஒரு துறை மற்றொன்றிடம் கடன்பட்டு நிற்கும்போதுதான் கழகம் பிறக்கிறது. இதனைப் பொதுப்படப் பேசுவதைவிட ஒரே ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். அது நமக்குத் தொலைவானதே. எனினும் நம் குறுந்தொகைக்கு அங்கே ஒரு கதை உண்டு என்பதால் முற்றிலும் அயலானதன்று.

1890இல் நிறுவப்பட்டு 1892இல் வகுப்புகளைத் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். அவர் எபிரேய மொழி அறிஞர். இயற்பியல் துறையை அமைக்க அவர் அழைத்து வந்தவர் ஒளியின் வேகத்தை அளப்பதையே வாழ்நாள் வேள்வியாகக் கொண்ட ஆல்பர்ட் மைக்கெல்சன். 1907இல் நோபல் பரிசு பெற்ற மைக்கெல்சன், அறிவியலுக்காக அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர். பழைய மறைநூலின் சொற்களை ஆராய்ந்தவர் ஒளியை அளந்தவருக்கு இடம் கொடுத்தார் என்பதே அப்பல்கலைக்கழகத்தின் தொடக்கம்.

இனி அங்கே நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பைப் பார்ப்போம். 1945க்குப் பின் வில்லார்டு லிபி என்னும் வேதியியலார், இறந்த உயிர்ப்பொருளின் வயதைக் கணிக்கும் வழி ஒன்றைத் தேடினார். உயிருள்ளவை யாவும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பனைப் பெறுகின்றன. அதில் கார்பன்-14 என்னும் கதிரியக்க வகையும் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. உயிர் நின்றதும் வரவு நிற்கிறது. செலவு மட்டும் தொடர்கிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் இருப்பு பாதியாகக் குறைகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் இறந்த காலத்தைச் சொல்லிவிடலாம். 1949இல் இம்முறையை லிபியும் அவருடைய குழுவினரும் மெய்ப்பித்தனர். 1960இல் லிபிக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கதையில் பலரும் கவனியாத பகுதி ஒன்று உண்டு. கருவி சொல்லும் வயது சரியானது என்று யார் சான்று பகர்வது? லிபி எகிப்தியப் பொருள்களை நாடினார். ஜோசர் மன்னனின் கல்லறை மரமும், மூன்றாம் செனுஸ்ரத் மன்னனின் ஈமப் படகின் மரமும் அவருடைய உரைகற்கள் ஆயின. அம்மன்னர்களின் காலத்தை அறிந்து சொன்னவர்கள் யார்? பழைய மன்னர் பட்டியல்களையும் கல்லெழுத்துகளையும் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த எகிப்தியல் அறிஞர்கள். ‘செத்த மொழியைப் படித்து என்ன பயன்?’ என்று கேட்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் படித்திராவிட்டால் வேதியியலின் தராசுக்கு எடைக்கல் கிடைத்திராது.

அந்தக் கடன் பின்னர் வட்டியோடு திருப்பிச் செலுத்தப்பட்டது. உலகெங்கும் தொல்லியல் ஆய்வாளர் இன்று அம்முறையைக் கையாளுகின்றனர். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில், அங்குக் கிடைத்த கரிமப் பொருள் ஒன்று கி.மு. 580ஆம் ஆண்டைச் சார்ந்தது எனக் குறிக்கப்பட்டதும் அம்முறையின் வழிவந்த அளவீட்டினால்தான். அக்காலக் கணிப்பைக் கொண்டு எவ்வளவு சொல்லலாம் என்று அறிஞர்கள் வாதிடட்டும். மண்ணடுக்கைப் படிப்பவரும் பானையோட்டு எழுத்தைப் படிப்பவரும் அணுவைப் படிப்பவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் அந்த வாதமே நடக்க முடியும் என்பதை மட்டும் நாம் மனங்கொள்வோம்.

பரப்பு என்பது எப்போதும் நன்மையையே தரும் என்று நான் சொல்லவில்லை. 1942 டிசம்பர் 2ஆம் நாள், அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில், பார்வையாளர் மேடைக்கு அடியில், என்ரிக்கோ ஃபெர்மியின் தலைமையில் உலகின் முதல் அணுத் தொடர்வினை நிகழ்த்தப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் அவ்வழி ஹிரோஷிமாவுக்குச் சென்றது. ஆயினும் 1945 ஜூனில், குண்டை யப்பானிய நகரங்கள்மீது முன்னறிவிப்பின்றி வீசலாகாது, அதன் ஆற்றலை முதலில் ஆளற்ற இடத்தில் உலகிற்குக் காட்ட வேண்டும் என்று எழுதி அரசுக்கு அனுப்பிய அறிஞர் குழுவும் அங்கிருந்தே எழுந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் ஃபிராங்க். அரசு அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை. கேட்கப்படாத சொல்லும் வரலாற்றில் நிற்கும் என்பதைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘எப்படிச் செய்வது’ என்னும் கேள்வியோடு ‘செய்யலாமா’ என்னும் கேள்வியையும் கேட்கத் தெரிந்தவர்கள் உள்ளே இல்லையெனில், எத்தனை துறை இருந்தும் அது கழகமன்று, பட்டறை.

அந்த விளையாட்டரங்கு இருந்த நிலத்தில் 1970இல் ரெகன்ஸ்டைன் நூலகம் திறக்கப்பட்டது. இன்று அப்பல்கலைக்கழகத்தின் தென்னாசிய நூல்திரட்டு அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. அணு நெருப்பு முதன்முதல் கட்டுக்குள் எரிந்த மனையில் நம் தமிழ் நூல்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இப்போது குறுந்தொகைக்கு வருகிறேன். மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர் ஏ.கே. இராமானுஜன். சிகாகோவில் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், 1962இல், ஒரு சனிக்கிழமையன்று, பழந்தமிழ் இலக்கணத்துக்கு எளிய பாடநூல் ஒன்றைத் தேடி அன்றைய ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்கு இறங்கினார். தேடியதற்கு மாறாக அவர் கைக்கு எட்டியது, உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த பழந்தமிழ்த் தொகை நூல். இச்செய்தியை அவரே 1985இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பு நூலில் பதிவு செய்திருக்கிறார். தாய்மொழியாகப் பேசிய மொழிக்குள் இப்படியொரு செல்வம் இருப்பதை அவர் அறிந்துகொண்டது ஓர் அயல்நாட்டு நிலவறையில். 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்குப் பின் ஆங்கிலம் படிக்கும் உலகம் அகத்திணையின் உள்நிலத்தைக் கண்டுகொண்டது.

அந்தச் சனிக்கிழமைக்கு முன் எத்தனை பேருடைய தொண்டு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் குறுந்தொகையை முதன்முதல் அச்சேற்றினார். பின்னர் முதுமையில் உ.வே.சா. சுவடிகளை ஒப்பிட்டுத் தம் பதிப்பைத் தந்தார். அதை ஒருவர் வாங்கிக் கப்பலேற்றினார். ஒருவர் எண்ணிட்டு அடுக்கில் வைத்தார். ‘இந்நகரில் இதைப் படிக்க யார் வரப் போகிறார்?’ என்று அந்த நூலகப் பணியாளர் கேட்டிருந்தால் விடை சொல்ல எவரும் இருந்திருக்கமாட்டார். கேளாமல் வைத்தார், அதனால் கிடைத்தது.

அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆண்டுகளில், மற்றொரு தமிழரும் இருந்தார். விண்மீன்களின் முடிவை ஆராய்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் அங்குச் சேர்ந்து, 1995இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். அவர் சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவர். உ.வே.சா. 1903 முதல் 1919வரை தமிழ் கற்பித்ததும் அக்கல்லூரியில்தான். சந்திரசேகரின் சிற்றப்பா சி.வி. இராமன் அங்கு மாணவராக இருந்த நாள்களில் உ.வே.சா. அங்கு ஆசிரியர். ஆக, ஏடு பார்த்தவரும் ஒளி பார்த்தவரும் ஒரே தாழ்வாரத்தில் நடந்த காலம் நம் நாட்டிலும் இருந்தது.

சந்திரசேகர் 1975இல் தம் பல்கலைக்கழகத்தார் முன் ஆற்றிய சொற்பொழிவின் பொருள் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பேத்தோவன் மூவரின் படைப்பாற்றல். அறிவியலில் அழகுக்கு உள்ள இடத்தைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1987இல் நூலாயின. ஒரு சமன்பாடு அழகாயிருப்பதால்தான் அதைத் தொடர்ந்து செல்கிறோம் என்று ஒரு வானியலார் வெளிப்படையாகப் பேச, கேட்கும் செவிகள் வேண்டும். அச்செவிகள் அங்கே இருந்தன.

இன்னும் ஒரு செய்தி. அக்காடிய மொழிக்கு ஓர் அகராதி ஆக்கும் பணி அங்கே 1921இல் தொடங்கியது, 2011இல் நிறைவுற்றது. 21 தொகுதிகள், 90 ஆண்டுகள். தொடங்கியவர் எவரும் முடிவைக் காணவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை நமக்குத் தந்தது. ஒரு சொல்லின் பழம்பொருளுக்காக அதைப் புரட்டாத கவிஞர் இந்த அவையில் எத்தனை பேர் இருப்பர்? ஆண்டுக்கு ஆண்டு வருவாய்க் கணக்குக் கேட்கப்பட்டிருந்தால் இவ்விரு பணிகளும் முதல் எழுத்தைத் தாண்டியிரா.

இவற்றை இன்று ஏன் சொல்கிறேன்? 2025 ஆகஸ்டில் அதே சிகாகோ பல்கலைக்கழகத்தின் கலைப்புலம், 2026-27ஆம் கல்வியாண்டுக்குப் பல துறைகளில் முனைவர் பட்ட மாணவர் சேர்க்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எபிரேய அறிஞர் ஒருவர் எழுப்பிய இல்லத்தில் மொழிப்படிப்புகளின் வாயிற்கதவு ஓராண்டுக்கேனும் சாத்தப்படும் நிலை வந்தது. அத்துணைச் செல்வமுடைய இடத்திலேயே இப்படியென்றால், கையிருப்புக் குறைந்த இடங்களில் சிறு துறைகளின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் அளவோடுதானே இருக்கிறது, எல்லாவற்றையும் எப்படிக் காப்பது என்று கேட்போர் உண்டு. அது நேர்மையான கேள்வி. அதற்கு விடை நம் உழவனிடம் இருக்கிறது. எல்லா நிலத்திலும் எல்லாப் பயிரையும் அவன் இடுவதில்லை. ஆனால் பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைப்பதில்லை. ஒரு மொழிக்கு ஓர் ஆசிரியர், அவரிடம் இரண்டு மாணவர், அவர்களுக்கு ஓர் அடுக்குப் புத்தகம்: இவ்வளவே விதைநெல். இதைக் காக்க ஆகும் செலவு சிறிது. ஆனால் ஆசிரியர்-மாணவர் தொடர் ஒருமுறை அறுந்தால், பின்னர் எத்தனை கோடி கொட்டினாலும் அதை முடிந்துவிட இயலாது. நூல் இருக்கும், படிக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

கவிஞர்களாகிய நாம் இதில் செய்யக்கூடியது என்ன? ஒரு சிறு துறை மூடப்படுகிறது என்று கேள்விப்பட்டால், அது நம் துறை அன்று என்று வாளாவிருக்கலாகாது. தாவரவியலாரையும் கல்வெட்டறிஞரையும் வானியலாரையும் நம் மேடைக்கு அழைப்போம். குறிஞ்சி எப்போது பூக்கும் என்பதைத் தாவரவியலாரிடம் கேட்பதால் திணைக்கவிதைக்குக் குறை வந்துவிடாது. நாம் வெளியிடும் ஒவ்வொரு சிறு தொகுப்பிலும் ஆண்டையும் ஊரையும் பிழையறப் பதித்து, பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் படியனுப்புவோம்.

இந்தப் பத்தாண்டு மலரும் அவ்வாறு எங்கேனும் ஓர் அடுக்கில் அமரட்டும். அதை நாளை யார் எடுப்பார், எதைத் தேடி வந்தவர் எடுப்பார் என்று நாம் அறியோம். அறியாததற்கும் இடம் ஒதுக்கி வைப்பதே பல்கலைக்கழகத்தின் பரப்பு. அந்த இடத்தைக் காக்க நாமும் தோள் கொடுப்போம் என்று கேட்டு அமைகிறேன்.