புகை விதியன்று

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அரிசியிற் கல் கிடந்தால் கடைக்காரரோடு வழக்காடுகிறோம். மூச்சிலே நஞ்சு கலந்தால் மட்டும் விதியென்று வாளாவிருக்கிறோம். அது விதியன்று என்பதே நான் கூற வந்த செய்தி.

1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி முதல் 9ஆம் திகதி வரை இலண்டன் மாநகர் புகைமூட்டத்தில் அமிழ்ந்தது. வீட்டு அடுப்புகளும் மின்நிலையங்களும் கக்கிய நிலக்கரிப் புகை, காற்றசைவற்ற குளிரிலே மேலெழ வழியின்றித் தரையோடு தங்கிற்று. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அன்று கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் எனக் கண்டன. அரசாங்கமோ உடனே அசைந்து கொடுக்கவில்லை. கண்டனம் வலுத்த பின்னரே, 1953இல் சேர் ஹியூ பீவர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. குழு தன் முடிவைக் கூறிய பின்னரும் தயக்கம் நீடிக்கவே, ஆளுங்கட்சி உறுப்பினராகிய ஜெரால்ட் நபாரோ தாமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தின் சிறப்பு யாது? புகையைத் தடுத்ததோடு அது நின்றுவிடவில்லை. புகை தடுக்கப்பட்ட பகுதிகளில், வீட்டு அடுப்பை மாற்றும் செலவிற் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணம் ஏற்றது. ஏழையைப் பார்த்து, “புகைக்காதே” என்று கட்டளையிட்டால் மட்டும் போதாது. புகையாத அடுப்புக்கு வழியும் காட்டவேண்டும்.

நமது நாட்டிலும் சட்டம் பயன் தந்ததுண்டு. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. மிகுதியாகப் புகை கக்கும் இரண்டு வீச்சு இயந்திர முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008இல் தடை செய்யப்பட்டது. ஆயினும், 2022 டிசெம்பர் 9ஆம் திகதி காற்று மாசினால் அரசாங்கப் பாடசாலைகளை மூடவேண்டி வந்ததே! அன்று கடலுக்கு அப்பாலிருந்தும் மாசு வந்தது உண்மை. காற்றுக்குக் கடவுச்சீட்டு இல்லை. அதற்காக நம் முற்றத்துப் புகையை மறக்கலாமா?

கமக்காரப் பெருமக்களே! வைக்கோலை எரிப்பது உரத்தை எரிப்பதாகும். நெற்பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தின் பெரும்பங்கு வைக்கோலிலேயே தங்கியிருக்கிறது. அதை வயலிலேயே மடித்து உழுதால் மண் வளம் பெறும். அயலவரின் நெஞ்சும் நோகாது. உத்தியோக நண்பர்களே! வளவுக் குப்பையோடு பிளாஸ்டிக்கைக் கொளுத்துவது நாகரிகமன்று. குப்பையைத் தவறாது அகற்றும்படி உள்ளூராட்சி மன்றத்தைக் கேளுங்கள். விறகடுப்பின் முன் நாள்தோறும் கண் கலங்கி நிற்கும் தாய்மாருக்குப் புகைபோக்கியுள்ள அடுப்பு கிடைக்கச் செய்வது ஆண்மக்களின் கடமை.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. ஒவ்வொரு மாவட்டத்திலும் காற்றின் மாசு அளக்கப்படவேண்டும். அளவு தமிழிலே உடனுக்குடன் அறிவிக்கப்படவேண்டும். ஆலையாயினும் அரச வாகனமாயினும் சட்டம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். எளியவர் மாற்றத்துக்கு ஏற்கும் செலவில் அரசும் பங்கேற்கவேண்டும்.

இலண்டன் மக்கள் பிணங்களை எண்ணிய பின்னரே விழித்தனர். நாம் அதற்கு முன்னரே விழித்தெழுவோமாக!