வீதி மரங்களைக் காப்பது யார்?

(நிந்தவூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மரஞ்செடிகளின் பெயரைத் தாங்கிய ஊர்கள் நம்மைச் சூழ உள்ளன. வடக்கே காரைதீவு, அதற்கப்பால் மருதமுனை, தெற்கே ஆலையடிவேம்பு. கோவிலிலே நாம் தலவிருட்சத்தை வணங்குகிறோம். நம்மோடு வாழும் முஸ்லிம் சகோதரர்களுக்கோ மரம் நடுவதே ஒரு தருமம். இவ்விரு மரபும் கூடிய இவ்வூரில், வீதியோரத்து மரம் மாத்திரம் கேட்பாரற்று நிற்கலாமா?

வளவிலுள்ள மரத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. அவரும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது; 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்தது. வீதியில் நிற்கும் வேம்பின் கதை வேறு. மின்கம்பிக்காக ஒரு பக்கம் வெட்டப்படுகிறது. கடைப்பலகை தெரிய மறுபக்கம் வெட்டப்படுகிறது. வடிகானுக்காக வேரும் அறுக்கப்படுகிறது. வெட்டுவாயில் நீர் தேங்கி மரம் உள்ளே உளுக்கிறது. வேர் அறுந்த பக்கம் பிடிமானம் குறைகிறது. வெளியிலே இலை பச்சையாகவே இருக்கும். பெருமழையில் மரம் சாய்ந்தால் பழி மரத்தின் மீது!

2023 ஒக்டோபர் 6ஆந் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பஸ் வண்டியொன்றின் மீது மரம் விழுந்து ஐவர் மாண்டனர். “வீதியில் மரமே வேண்டாம்” என்று அஞ்சுவோரை நாம் இகழலாகாது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியைக் கண்ட நம் முதியோர் அவ்வச்சத்தை அறிவர். ஆயினும் அச்சத்துக்கு மருந்து பராமரிப்பேயன்றிக் கோடரி அன்று.

சிங்கப்பூரைப் பாருங்கள். 1963இல் அங்கே மரநடுகை இயக்கம் தொடங்கியது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த பகுதிகளில் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. வீதி மரங்களை முறை வைத்துப் பரிசோதிக்கவும் ஆட்கள் உண்டு. காவலும் பராமரிப்பும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன.

நமக்கும் வழி இல்லாமலில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளுக்குத் துணைவிதி ஆக்கும் அதிகாரம் தந்துள்ளது. நாம் வேண்டுவன நான்கு: வீதி மரங்களை எண்ணி இலக்கமிடல், மாரி மழைக்கு முன் ஆண்டுதோறும் பரிசோதித்தல், அனுமதி பெற்றுப் பழகிய கையே கிளை தறித்தல், ஒன்றை அகற்றினால் ஒன்றை நட்டு வளர்த்தல். பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியதாகையால், அதனோடும் உடன்பாடு வேண்டும். ஆபத்தான மரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் காரணத்தை ஊரறியச் சொல்லி வெட்டுவதே முறை.

வாலிபர்களே! விதி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மரங்களை எண்ணும் பணியை நாமே தொடங்கலாம். எந்த மரம் எவ்விடத்தில் நிற்கிறது, எது உளுத்தது, எதன் வேர் அறுபட்டது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெரியோர்களே! எந்த மரம் யார் காலத்தில் நடப்பட்டதென்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அட்டப்பள்ளத்துப் பிள்ளையும் நிந்தவூர்ப் பிள்ளையும் சேர்ந்து எழுதிய அக்கொப்பியைச் சபையின் முன் வைப்போமாயின், நம் கோரிக்கை வெறும் பேச்சாகப் போகாது.