பனித்தரையில் நிலைத்த பெயர்கள்

வெப்பநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு, உறைந்த நீரின் மீது ஆடப்பெறும் விளையாட்டு ஒன்று உண்டென்பது வியப்பைத் தரக்கூடும். கனடா நாட்டிலோ குளிர்காலம் நீண்டது. ஆறும் ஏரியும் கல்லென இறுகிவிடும். அத்தகைய தரையின் மீது, அடியிலே இரும்புத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து, அணிக்கு அறுவராக நின்று, றப்பர் வட்டு ஒன்றை வளைதடியால் அடித்து எதிரணியின் வலைக்குள் செலுத்துவதே ஐஸ் ஹொக்கி ஆட்டமாகும்.

இவ்வாட்டத்திலே மிகப் பழைய தொழில்முறை அணி மொன்றியல் கனேடியன்ஸ் என்பது. மொன்றியல் நகரத்துப் பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் தம்முடையது என்று கொள்ளத்தக்க அணியாக 1909ஆம் ஆண்டிலே அது தோன்றியது. ஸ்டான்லி கிண்ணம் எனப்படும் தலையாய பரிசை 24 முறை வென்றது. இறுதியாக வென்ற ஆண்டு 1993. இவ்வணியின் வீரர்களுள் தலைசிறந்தவர் யாவர் என்பதே இன்று நாம் ஆராயவிருப்பது.

எண்களைக் கேட்போமாயின், அவை ஒருவரைச் சுட்டுவதில்லை. கோல்களை மட்டும் எண்ணினால் முதல்வர் 544 கோல் அடித்த மொறிஸ் றிஷார். கோல்களோடு, பிறர் கோல் அடிக்கத் துணைநின்றவற்றையும் கூட்டினால் முதல்வர் கீ லாஃப்லர். வென்ற கிண்ணங்களை எண்ணினாலோ, முதல்வர் மொறிஸின் தம்பி ஆங்றி றிஷார். அவர் பெற்றவை 11. ஆகவே, சோதனை வந்த வேளையிலே ஒவ்வொருவரும் எவ்வாறு நின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

முதலிலே கோல் காப்பாளர் ஜோர்ஜ் வெசினா. 1910 முதல் பதினைந்து ஆண்டுகள் ஓர் ஆட்டத்தையேனும் தவறவிடாமல் வலையைக் காத்தவர். 1925 நவம்பரில் கடுங்காய்ச்சலுடன் களத்தில் இறங்கி, ஆட்டத்தின் நடுவே விலகினார். காசநோய் அவரைப் பற்றியிருந்தது. நான்கு மாதங்களில் உயிர் நீத்தார். சிறந்த கோல் காப்பாளருக்குரிய பரிசு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்பெறுகின்றது.

அடுத்தவர் ஹவி மொறென்ஸ். வேகத்துக்குப் பெயர் பெற்றவர். 1937 ஜனவரியில் சொந்தக் களத்திலே கால் முறிந்து மருத்துவமனை சேர்ந்தவர், மார்ச் மாதத்திலே அங்கேயே காலமானார். அவர் ஆடிய அரங்கிலேயே இறுதிச் சடங்கு நிகழ்ந்தது; பல்லாயிரவர் திரண்டனர். அவர் அணிந்த 7ஆம் இலக்கத்தை அவ்வணி அவருக்குப் பின் எவருக்கும் வழங்கவில்லை.

ஜாக் பிளான்ற் மற்றொரு கோல் காப்பாளர். அந்நாளிலே முகத்தை மூடாமல் நிற்பதே வீரம் எனக் கருதப்பட்டது. 1959 நவம்பர் முதலாம் நாள் நியூயோர்க்கிலே வட்டு அவர் முகத்தைக் கிழித்தது. தையல் இட்டபின், முகமூடி இன்றி மீண்டும் களமிறங்க அவர் மறுத்தார். பயிற்றுநருக்கு அது சிறிதும் உடன்பாடன்று; எனினும் வேறு காப்பாளர் இல்லை. முகமூடியுடன் ஆடினார், அணி வென்றது. இன்று முகம் மூடாத கோல் காப்பாளரைக் காண்டல் அரிது.

இனி மொறிஸ் றிஷார். 1944–45ஆம் பருவத்திலே 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்து, எவரும் எட்டாத எல்லையை எட்டியவர். அந்நாளிலே மொன்றியலில் பிரெஞ்சு மக்கள் பெருந்தொகையினராயினும், தொழிலும் அதிகாரமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையிலேயே இருந்தன. அம்மக்கள் தம் பெருமிதத்தை எல்லாம் இவர்மேல் ஏற்றி வைத்திருந்தனர். 1955 மார்ச் மாதத்தில் பொஸ்ரன் நகரிலே நிகழ்ந்த கைகலப்பில் றிஷார் எல்லை நடுவர் ஒருவரைத் தாக்கினார். குற்றம் மெய்யே. ஆனால், அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலிருந்தும் அவரை விலக்கி, லீக்கின் தலைவர் கிளாறன்ஸ் காம்பெல் விதித்த தண்டனையை, தம் இனத்துக்கே இழைத்த அவமதிப்பாக மக்கள் கொண்டனர். மார்ச் 17ஆம் நாள் காம்பெல் அரங்குக்கு வந்தபோது பொருள்கள் அவர்மேல் வீசப்பட்டன, கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டம் கைவிடப்பட்டது. வெளியே வீதியிலே கடைகள் உடைக்கப்பட்டன.

மறுநாள் றிஷார் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தார். அவர் ஒரு சொல் கடிந்து கூறியிருப்பின் நகரம் மீண்டும் எரிந்திருக்கும். அவரோ, தண்டனையைத் தாம் ஏற்பதாகவும், கலகம் வேண்டாம் என்றும், அடுத்த ஆண்டு மீண்டு வந்து கிண்ணத்தை வெல்லத் துணைநிற்பதாகவும் கூறினார். நகரம் அமைதியுற்றது. 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணம் மொன்றியலுக்கே வந்தது. 2000ஆம் ஆண்டிலே அவர் மறைந்தபோது கியூபெக் மாகாணம் அரச மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தது.

அவரோடு ஆடி, பின்னர் பத்து ஆண்டுகள் தலைவராக விளங்கியவர் ஜோன் பெலிவோ. தவறிழைத்த வீரர் இரண்டு நிமிடம் வெளியே இருத்தல் விதி. அவ்வேளை அவர் அணிக்கு ஒருவர் குறைவு. 1955 நவம்பரில் அத்தகைய வேளையொன்றிலே பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல் அடித்தார். எதிரணி ஒரு கோல் அடித்தவுடன் வெளியேறியவர் திரும்பலாம் என விதியே அடுத்த ஆண்டு மாற்றப்பட்டது. 1994இல் கனடாவின் ஆளுநர் நாயகம் பதவி தேடி வந்தபோது, தந்தையை இழந்த தம் இரு பேர்த்தியருக்கு அருகில் இருத்தலே கடன் என்று கூறி, அவர் அதனை மறுத்தார்.

நேயர்களே, இவர்களுள் ஒருவரைத் தெரிவு செய்க எனின், மொறிஸ் றிஷாரையே யான் கூறுவேன். அவர் அடித்த 544 கோல்களும் பெரியனவே. ஆயினும், தம்மைத் தெய்வமெனப் போற்றிய மக்களின் சினத்தைத் தமக்காகப் பயன்படுத்தாமல் தணித்த அந்தச் சில நிமிடப் பேச்சே, அவரை ஏனையோரினின்றும் உயர்த்தியது என்பது என் துணிபு.